அலமாரியில் பூட்டிய போனை வெளியே எடுங்கள்

வாசகர் கடிதம்:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குக் குவைத்தில் வேலை. இளைய மகளுக்கு 19 வயது, நாகர்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் பெயரிலும் படத்திலும் இன்ஸ்டாகிராமில் யாரோ ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து என் நாத்தனாருக்கு, "மாமி, அவசரமா பணம் வேணும், அம்மாட்ட சொல்லாதீங்க" என்று செய்தி போக, அவளும் 3,000 ரூபாய் அனுப்பிவிட்டாள். அப்புறம் மகளுக்கே மிரட்டல். வீடியோ காலில் அவன் சொல்கிறபடி வராவிட்டால், அவள் முகத்தை அசிங்கமான படத்தில் ஒட்டி அப்பாவுக்கும், எங்கள் பங்கிலுள்ள பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம் குரூப்புக்கும் அனுப்புவானாம். காலையில் அவள் எந்த பஸ்ஸில் போகிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஆத்திரத்தில் இரண்டு அடி கொடுத்து, போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். கணக்கை அழித்துவிடச் சொல்கிறாள் என் தங்கை. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயம். அவரிடமும் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் ரகசியமான எதையும் போட்டதில்லையே, எப்படி இவ்வளவும் அவனுக்குத் தெரிந்தது? என் ஃபேஸ்புக் பெயரையும், அந்தப் போலிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "பயப்படாண்டாம் மக்ளே, நீ ஒரு தப்பும் செய்யல்ல, அடிச்சது என் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இப்போது இரண்டு பயம். அவனைப் பார்த்து ஒன்று, உங்களைப் பார்த்து ஒன்று. இரண்டாவதை இன்று ராத்திரியே நீங்கள் தீர்த்துவிடலாம். அவள் உங்களிடம் வந்து சொன்னாள், அதனால்தான் உங்களால் எனக்கு எழுத முடிந்தது. குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் என்னிடம் வருகிற பெண்களில் பலர், வீட்டில் தெரிந்தால் போன் போய்விடும், படிப்பும் போய்விடும் என்று மாதக்கணக்கில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள். அந்த மாதங்கள்தான் மிரட்டுகிறவனுக்கு வசதி.

எப்படி இவ்வளவும் தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கச் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தேன். நான் உங்கள் நட்புப் பட்டியலில் இல்லை. யாரோ ஒரு ஆள் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

மேலேயே பால்காய்ப்பு அன்று எடுத்த படம் இருக்கிறது. புது வீடு, கேட்டில் பதித்த வீட்டுப்பெயர், பின்னால் குருசடி என்கிற சிறு சிலுவைக் கோயில். உங்கள் ஊர்க்காரர் யாரும் அந்த இடத்தைச் சொல்லிவிடுவார். அதற்குக் கீழே, அவர் லீவுக்கு வரும்போது "இன்னும் 12 நாள்" என்று தினமும் எண்ணிக்கொண்டு போட்ட பதிவுகள். பிறகு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வழியனுப்பிய படம். அவர் எப்போது வீட்டில் இருப்பார், எப்போது இருக்கமாட்டார் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். மகளின் பிறந்தநாள் கேக்கில் பெயரும் வயதும் இருக்கின்றன, பதிவில் தேதி இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த அன்று கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துறையின் பெயரும் பதிவு எண்ணும் ரத்த வகையும் வாசிக்க முடிந்தது. கருங்கல் பஸ் ஸ்டாண்டில் எடுத்த ஒரு படத்துக்குக் கீழே அவள் தோழி எழுதியிருக்கிறாள், "நாளைக்கும் 7.40 வண்டிய விட்டுராத டீ" என்று. பஸ் நேரம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது தெரிகிறதா? உங்கள் நாத்தனார் எல்லாப் படத்துக்கும் "மாமியின் செல்லம்" என்று எழுதுகிறார். பணம் கேட்க வேண்டுமென்றால் யாரிடம், என்ன முறை சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார், பாவம். பழைய தையல் மிஷினை விற்க ஒரு குரூப்பில் போட்ட விளம்பரத்தில் உங்கள் போன் நம்பர் இருக்கிறது.

இதில் ஒன்றுகூட ரகசியம் இல்லை, அது சரிதான். ஒவ்வொன்றும் சந்தோஷமான ஒரு நாளில் போட்டது. ஆனால் கேக் ஒரு பக்கம், கேட் ஒரு பக்கம், பஸ் நேரம் ஒரு பக்கம் என்று கிடந்தவற்றை ஒருவன் உட்கார்ந்து சேர்த்தால் உங்கள் வீட்டின் முழு விவரமும் கிடைத்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். உள்நாட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். "உங்களை ரொம்பத் தேடுது, இன்னும் 20 நாள்" என்று ஸ்டேட்டஸ் போடுகிற மனைவியின் பாசம் எனக்குப் புரிகிறது. அந்த 20 நாளும் வீட்டில் ஆண் துணை இல்லை என்பதையும் அது ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

இனி அந்த ஸ்கிரீன்ஷாட். போலிக் கணக்கின் படத்தில் மகள் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் இருக்கிறாள். இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பாட்டுப் புத்தகமும், வளையல் போட்ட ஒரு முழங்கையும் தெரிகின்றன. திருவிழாவில் பாடகர் குழுவோடு எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தை மேலும் கீழுமாகத் தேடிவிட்டேன், இந்தப் படம் அதில் இல்லை. அப்படியென்றால் வேறு எங்கோ இருந்து போயிருக்கிறது. மகளிடம் மெதுவாகக் கேளுங்கள்: இந்தப் படம் யார் போனில் எடுத்தது, எந்த குரூப்பில் வந்தது, அவள் ஸ்டோரியில் போட்டாளா, போட்டால் யார் யார் பார்க்கிறபடி போட்டாள். நாற்பது பேர் உள்ள ஒரு குரூப்பில் மட்டும் வந்த படம் என்றால் தேடவேண்டிய வட்டம் சுருங்கிவிடும். அந்தக் குரூப்பில் உள்ள ஒருவருடைய பக்கத்திலிருந்து வெளியே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதைச் சொல்லும்போதே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இவன்தான் என்று மனதில் யாராவது தோன்றினாலும் அவன் வீட்டு முற்றத்தில் போய் நிற்காதீர்கள். நான் பார்த்த ஒரு வழக்கில், பக்கத்து வீட்டுப் பையன்மேல் சந்தேகப்பட்டு நாலு பேர் சேர்ந்து கை நீட்டிவிட்டார்கள். கடைசியில் செய்தவன் வேறு ஆள். அடி வாங்கிய பையன் வெளியூருக்கே போய்விட்டான். அந்த இரண்டு வீடும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள், போதும்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். இதில்தான் நான் உங்களோடு முழுதாக மாறுபடுகிறேன். "அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்பதுதான் அவனுடைய மிரட்டல். அப்பாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் அவன் எதைக் கொண்டு மிரட்டுவான்? வெள்ளிக்கிழமை அங்கே லீவுதானே. அவசரமில்லாமல் கூப்பிட்டு, முதலில் இருந்து சொல்லுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற மனுஷனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். அறையில் தனியாக இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அப்படியொரு படம் வந்து விழுந்தால் அவர் எவ்வளவு கலங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். அதே போல நாத்தனாரிடமும் நெருங்கிய நாலு வீட்டிலும், "பிள்ளை பெயரில் ஒரு கள்ளக் கணக்கு இருக்கிறது, எது வந்தாலும் திறக்காண்டாம், யாருக்கும் அனுப்பாண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அன்பியம் குரூப்பின் பொறுப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொன்னால், குரூப்பில் பொறுப்பாளர்கள் மட்டும் செய்தி போடுகிற மாதிரி கொஞ்ச நாளைக்கு மாற்றி வைப்பார்.

சரி, இப்போது அலமாரியைத் திறந்து போனை எடுங்கள். கணக்கை அழிக்காதீர்கள். தங்கை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த போனில் இருப்பதுதான் நம்முடைய சாட்சி. அவன் செய்திகள், அவை வந்த நேரம், அவன் கணக்கின் பெயர் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவன் கணக்கைத் திறப்பதில் தொடங்கி, செய்திகளை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போவது வரை ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுத்து வையுங்கள். அவன் எந்த நேரமும் கணக்கின் பெயரை மாற்றலாம், செய்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் இந்த வேலை இன்றைக்கே நடக்கட்டும். அவன் கணக்கின் இணைப்பை நகலெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால், "இந்தக் கணக்கைப் பற்றி" என்று ஒரு பகுதி வரும். எந்த மாதம் தொடங்கிய கணக்கு, எத்தனை தடவை பெயர் மாற்றியது என்பதைப் பல கணக்குகளில் அது காட்டும். அதையும் எடுத்து வையுங்கள். தானாக மறையும் செய்திகள் என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். போனை ஃபார்மட் செய்யவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும், அப்போது அசல் போன் கையில் இருப்பது நல்லது.

அவனுக்குப் பதில் எழுத வேண்டாம். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். காசு கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்த குடும்பத்திடம் மூன்றாவது தடவையும் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். "படத்தை இணையத்திலிருந்து நாங்கள் எடுத்துத் தருகிறோம், இத்தனை ஆயிரம் ஆகும்" என்று வருகிறவர்களையும் நம்பாதீர்கள்.

புகாருக்கு நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் உடனே போக முடியாவிட்டால் cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்று அதில் தனிப்பிரிவு உண்டு. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கிற வழியும் அங்கே இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். பெயர் கொடுத்துப் பதிகிற வழியில் போனால்தான் புகார் எண் கிடைக்கும், என்ன நடக்கிறது என்று பின்னால் பார்க்கவும் முடியும். நாத்தனார் அனுப்பிய 3,000 ரூபாய்க்கு 1930 என்ற இணையப் பண மோசடி உதவி எண்ணை அவரே கூப்பிட்டுச் சொல்லட்டும். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் ஆகிவிட்டது, திரும்பக் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஒரு ஆளைக் காட்டும். இன்ஸ்டாகிராம் கணக்கை எவன் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் திறப்பான். வங்கிக் கணக்குக்கு அடையாள ஆவணம் வேண்டும். வேறு யாரோ ஒருவருடைய கணக்கை அவன் வாங்கிப் பயன்படுத்தியிருந்தாலும், போலீசுக்குப் பிடித்துக்கொண்டு போக அது ஒரு நூல்.

காவல் நிலையத்தில் பிள்ளையை வைத்து என்னென்ன கேட்பார்களோ என்ற பயம் எனக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் தொல்லை, 78-ஆம் பிரிவு பின்தொடர்தல். ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதும், அவள் இணையத்தில் செய்வதைக் கண்காணிப்பதும் இந்த 78-க்குள் வரும். இந்தப் பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண்ணே தகவல் கொடுக்கும்போது, அதைப் பெண் காவல் அதிகாரியோ வேறொரு பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று சொல்லி எந்த நிலையத்திலும் திருப்பி அனுப்பவும் கூடாது. மின்னணு வழியாகத் தகவல் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

அடுத்தவர் போல நடித்து ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. சொன்னபடி அசிங்கமான படத்தைச் செய்து பரப்பினால் 67ஏ வரும், அதற்கு முதல் தடவையே ஐந்து வருஷம் வரை. எந்தப் பிரிவு போடுவது என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இத்தனை சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று மகளுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

புகார் எண் கிடைத்த பிறகு அந்தப் போலிக் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமுக்கு, ஆள்மாறாட்டம் என்ற வகையில், புகார் செய்யுங்கள். மகளும் செய்யட்டும், தோழிகளும் செய்யட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சாட்சி, பிறகு போலீஸ், பிறகு நிறுவனம். ஒருவரைப் போல நடிக்கிற கணக்கு, மார்ஃபிங் செய்த படம் போன்றவற்றைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த ஐ.டி. விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்லின. நீக்கிய கணக்கின் விவரங்களை விசாரணைக்காக 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது. மூன்று வாரம் போய்விட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

அவன் நிஜமாகவே அப்படியொரு படத்தைச் செய்து அனுப்பிவிட்டால்? அனுப்பினால் அது அவன் செய்த பொய்ப் படம். அதையும் அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு, stopncii.org என்ற தளத்துக்குப் போங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கான இலவச வசதி அது. படம் உங்கள் போனை விட்டு எங்கேயும் போகாது. படத்திலிருந்து ஒரு குறியீட்டை மட்டும் உண்டாக்கி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். யாராவது அதே படத்தை ஏற்றினால் அவர்கள் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கூப்பிடலாம்.

இனி உங்கள் பக்கத்தைச் சரிசெய்வது. இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, மகளையே உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. ஃபேஸ்புக்கில் சுயவிவரத்தைப் பூட்டுகிற வசதி இருக்கிறது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நண்பர்கள் மட்டும் பார்க்கிறபடி ஒரே அழுத்தில் மாற்றுகிற வசதியும் இருக்கிறது. நட்புப் பட்டியல் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். பணம் கேட்பவனுக்கு அந்தப் பட்டியல்தான் முகவரிப் புத்தகம். போன் நம்பரை வைத்து உங்களைத் தேடுவதையும் நிறுத்துங்கள். மகளின் இன்ஸ்டாகிராமைத் தனிக்கணக்காக்கி, பின்தொடர்கிறவர்களில் நேரில் தெரியாதவர்களை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பில் ஆறு இலக்க எண் ஒன்றைப் போடுங்கள். உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்பதையும் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் பாருங்கள். பூட்டிய கணக்கிலும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பலாம் என்பது நினைவிருக்கட்டும். அடையாள அட்டைப் படத்தையும் ஏர்போர்ட் படத்தையும் எடுத்தேவிடுங்கள். பால்காய்ப்புப் படம் இருக்கட்டும், கேட் தெரிகிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள். அவ்வளவு உழைத்துக் கட்டிய வீட்டின் படத்தை நாலு பேருக்குக் காட்டாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. லீவுக்கு வந்த படங்களை அவர் திரும்பிப்போய் ரொம்ப நாள் கழித்துப் போடலாமே.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். மகளின் படத்தைப் போடும்போது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டீர்களா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அந்த உரிமை நம் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. இனிமேல் அவளிடம் காட்டி, "இதைப் போடட்டா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அவளுடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். 19 வயதுப் பிள்ளை. அடுத்த தடவை ஏதாவது வந்தால் உங்களிடம் வரவேண்டும், மறைக்கக்கூடாது. அதற்கு அவளுடைய போன் அவளிடமே இருக்க வேண்டும்.

மூத்தவளின் சம்பந்தம் பற்றி. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டாரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். "பிள்ளை படத்தை வைத்து ஒருவன் மிரட்டினான், புகார் கொடுத்திருக்கிறோம்" என்று புகார் எண்ணோடு சொல்கிற குடும்பத்தைக் குறையாக நினைக்கிறவர்கள் இருப்பார்கள்தான். அப்படி நினைக்கிற வீட்டுக்கா உங்கள் பிள்ளையை அனுப்பப் போகிறீர்கள்?

காலையில் பஸ்ஸுக்குக் கொஞ்ச நாள் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ கூடப் போங்கள், முடிந்தால் 7.40-ஐ விட்டு வேறு வண்டி. யாராவது நேரில் பின்தொடர்வதாகத் தோன்றினால் 181 பெண்கள் உதவி எண், அவசரம் என்றால் 112. இரண்டையும் மகள் போனில் பதிந்து வையுங்கள்.

சனிக்கிழமை காலையில் நான் நாகர்கோவிலில்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை அவரிடம் பேசிவிட்டு, போனையும், ஸ்கிரீன்ஷாட்டுகளின் பிரிண்ட் இரண்டு பிரதியும், நாத்தனார் பணம் அனுப்பிய ரசீதும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். மனுவை அங்கே உட்கார்ந்தே எழுதிவிடலாம். அதற்குள் தளத்தில் பதிந்துவிட்டால் புகார் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.